கிளிங்கன் வேற்றுமையியல்: ஐயந்திரிபற ஒரு நிறுவல்

‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் வரும் முரட்டு வேற்றுக்கிரகத்தாருக்காக மார்க் ஒக்ராண்ட் சமைத்த கிளிங்கன் மொழியில் சொல்லுருபு உண்டா என்னும் வினா, 1985-இல் அவருடைய அகராதி வெளிவந்தது முதல் அறிஞர் உலகை வாட்டுகிறது (அறிஞர் உலகம் இதை இன்னும் உணரவில்லை). அம்மொழியில் இடப்பொருள் உருபு ‘டக்’ ஒன்றே. ‘ராஷ்’ மேசை, ‘ராஷ்டக்’ மேசையில், மேசைமேல், மேசைக்கு, எதுவும் ஆகலாம். ‘மேலே’ என்று திட்டமாகச் சொல்ல, மேற்பகுதி எனப் பொருள்படும் ‘டுங்’ என்ற பெயர்ச்சொல் வேண்டும்: ‘நாஹ் டுங்டக்’, பாறைக்கு மேலே. பாறையும் மேற்பகுதியும் உருபின்றி ஒட்டி நிற்பது அப்பட்டமான ஆறாம் வேற்றுமைத்தொகை. தொல்காப்பியரும் ஏழாம் வேற்றுமைக்குக் கண், கால், புறம், அகம், கீழ், மேல் என்று பெயர்களையே அடுக்கினார். ஆகவே இரு மொழிகளும் ஒரே குடும்பம் (சான்று: இதற்கு முந்தைய வாக்கியம்). நீங்கல், ஏது, கொடைப் பொருள்களுக்கும் உருபுகள் உண்டு. அவை நம் முடிவுக்கு உதவாததால் விடப்பட்டன.

‘டக்’ எங்கிருந்து வந்தது? தமிழர் ‘டக்கென்று வா’ என்பர். போர்க்குடிக்கு இடம் என்பது விரைந்து பிடிக்க வேண்டியது. ஆகவே விரைவுக்குறிப்பு இடப்பொருளாகத் திரிந்தது. கிளிங்கனில் ‘டக்’ தனியே நின்றால் ‘இடம்’ என்று பொருள்படுமே, உருபு அதிலிருந்து பிறந்திருக்கலாமே என்பது மேலோட்டமான ஆட்சேபம், எளிய விளக்கம் இருக்கும் இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை (மேற்படி பத்தி, சான்றாகக் காட்டப்பட்ட வாக்கியம், அதற்குச் சான்றான வாக்கியம் ஆகியவற்றை இப்பத்தியோடு ஒப்பிடுக, முரண்படின் இப்பத்தியே கொள்ளத்தக்கது). ஒக்ராண்ட் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது கலிஃபோர்னியப் பழங்குடிகளின் முட்சுன் மொழி, அங்கல்லவா தேட வேண்டும் என்பார் சிலர். அதற்கு முட்சுன் படிக்க வேண்டியிருக்கும்.

கிளிங்கனில் செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் கடைசியிலும் வருவது தமிழுக்கு முரண் அல்லவா? இல்லை, அவர்கள் எதிரே நின்று பேசுகிறார்கள், நமக்கு இடவலம் மாறித் தெரிகிறது. காலம் பொருந்தவில்லை என்போர், தொல்காப்பியத்தின் காலத்தை முதலில் தமக்குள் முடிவுசெய்துவிட்டு வரட்டும். இறுதிச் சான்று: ‘இங்கே’ எனப் பொருள்படும் ‘நடெவ்’ ஒருபோதும் ‘டக்’ ஏற்காது, தமிழிலும் ‘இங்கேயில்’ என்பார் இல்லை. இரண்டு ஒற்றுமை கிடைத்தால் உறவுமொழி, மூன்று கிடைத்தால் தாய்மொழி என்பது துறையில் வழக்கம். மூன்றாவது இப்போது கிடைத்துவிட்டது.