ஆடி அமாவாசை அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையின் சமூக வகைமைகளை ஆராயப் புகும் எவரும் தவறவிடக் கூடாத ஒருவர், ஆனி பிறந்ததும் நாளிதழின் தலைப்புச் செய்திகளைத் தாண்டிப்போய், உள்ளே ஒரு மூலையில் அச்சாகும் அணை நீர்மட்டப் பட்டியலில் கண் பதிக்கும் அண்ணாச்சி ஆவார். பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி என்பதும், அன்றைக்கு அதில் எத்தனை அடி நிற்கிறது என்பதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தம் மகள் படிப்பது எட்டாம் வகுப்பா ஒன்பதாம் வகுப்பா என்பதைத்தான் வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல்வார்.

இந்தக் கரிசனத்துக்கெல்லாம் காரணம் ஆடி அமாவாசை. காரையாறு என்று ஊரார் வழங்கும் அந்த அணைக்குக் கீழே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் கோவில் கொண்டிருக்கும் சொரிமுத்து அய்யனாரைத் தேடி நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் திரண்டு போய், ஆற்றங்கரையில் குடில் அடித்து, அதாவது கம்பு நட்டுத் தார்ப்பாய் போர்த்தி, சில நாள் தங்கிவருவது நெடுங்கால வழக்கம். 1988இல் காப்பகம் அமைந்ததிலிருந்து வனத்துறையின் கெடுபிடி கூடி, தங்கும் நாட்கள் சுருங்கியிருக்கின்றன. மேனாட்டார் மலையேரிக் கரையில் கூடாரம் போடுவது வீட்டை மறப்பதற்காம். அண்ணாச்சி காட்டுக்குப் போவதோ, வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே நடுவதற்கு. அண்டா, இட்லிக் கொப்பரை, தேங்காய் துருவி ஆகியவற்றோடு சுவர்க் கடிகாரமும் சாக்குக்குள் ஏறிவிடும். காட்டில் அது எந்தச் சுவரில் தொங்கும் என்று கேட்டவரை அடுத்த ஆண்டு அவர் அழைப்பதில்லை.

அழைக்கப்படும் கூட்டாளிக் குடும்பங்களுக்கு நெகிழிப் பைகளின் தீமை குறித்து ஒரு வாரம் முன்பிருந்தே அவர் பாடம் நடத்துவார். பாபநாசம் சோதனைச் சாவடியில் வனக்காவலர் முதலில் வெளியே எடுப்பது அண்ணாச்சியின் பையைத்தான். பொட்டலங்களைப் பிரித்து மிக்சரையும் அல்வாவையும் ஒரே தூக்குவாளியில் கொட்ட நேர்வதால், இரண்டும் பிரியாத உறவாகிவிட்ட ஒரு புதுப் பண்டத்தையே கூட்டாளிகள் ஊர் திரும்பும்வரை உண்ண வேண்டியிருக்கும்.

அவரது ஆளுமை முழுதாக வெளிப்படுவது இடம் பிடிக்கும்போதுதான். எந்த ஆவணத்திலும் பதிவாகாத, ஒரு மருத மரத்தையும் இரண்டு பாறைகளையும் எல்லையாகக் கொண்ட நிலப்பகுதியை அவர் தம் பூர்வீகச் சொத்தாகக் கருதுகிறார். "எங்க தாத்தா காலத்துல இருந்து இது நம்ம இடம்வே" என்று அவர் முழங்கும்போது, அதே மரத்தடியில் ஏற்கெனவே அடுப்பு மூட்டிவிட்ட இன்னொரு அண்ணாச்சி, "எங்க பூட்டன் காலத்துல இருந்து இருக்கோம்வே" என்று ஒரு தலைமுறை முந்துவார். கைகலப்பு வரும்போலத் தோன்றும் இந்த வழக்கு, இருவரின் தாயாருக்கும் கல்லிடைக்குறிச்சிதான் பிறந்த ஊர் என்று தெரியவரும் கணத்தில் தடம் மாறி, "அப்பம் நீரு எனக்கு மச்சான் முறைல்லா!" என்பதில் முடிந்து, இரண்டு தார்ப்பாய்களும் ஒன்றாக முடிச்சுப் போடப்படும். சொத்துத் தகராறுகளை இத்தனை விரைவில் தீர்த்துவைக்கும் நீதிமன்றம் இம்மாவட்டத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இரவில் அவர் வனவிலங்கு வல்லுநர். எந்தச் சத்தம் கேட்டாலும் அது மிளா, அதாவது கிளைக்கொம்புடைய பெரிய மான். தார்ப்பாய் காற்றில் படபடத்தாலும் மிளா, பக்கத்துக் குடிலில் யாரோ இருமினாலும் மிளா. முன்பெல்லாம் இவ்விழாவில் அரச உடையில் காட்சி தந்துவந்த, 2020இல் மறைந்த சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, கூட்டத்தில் தம்மைப் பார்த்துத்தான் தலையசைத்தார் என்ற கதையும் அந்நேரத்தில்தான் சொல்லப்படும். அருகிலுள்ள பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவது மரபு. தெய்வம் அதை அணிந்து நடப்பதால் அது தேயும் என்பது நம்பிக்கை. கூட்டாளியின் புதுச் செருப்பு காணாமற்போனால், "கொடுத்து வச்சவரு வே நீரு, சாமியே கேட்டு வாங்கிட்டாரு" என்று அண்ணாச்சி முடித்துவைப்பார். தம் செருப்பை அவர் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார்.

ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும் மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, தங்கும் நாட்களில் ஒருமுறையேனும் அணைப் பக்கம் போய்வரலாமே என்று கேட்பதுண்டு. "கூட்டாஞ்சோறு எறங்கட்டும்" என்பது காலைப் பதில். உண்ட களைப்பு மாலைப் பதில். நீர்மட்டத்தை அடிக்கணக்கில் அறிந்தவருக்குத் தண்ணீரை நேரில் பார்க்கும் அவசியம் இல்லை போலும்.

திரும்பும் பேருந்தில் கூட்டாளி தயங்கித் தயங்கிச் செலவுக் கணக்கைக் கேட்பார். "நமக்குள்ள என்னவே கணக்கு!" என்று கடிந்துகொண்டே, தேங்காய் முதல் தீப்பெட்டி வரை வரிசையாக எழுதி, குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்னரே வகுத்துவைத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார் அண்ணாச்சி. சாவடியில் கலந்துபோன அல்வாவும் அதில் முழு விலையில் இருக்கும்.