கேட்டுவிட்டுக் கை கொடுங்கள்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் முன்பு பார்வையற்ற ஒருவரைக் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே? (வாசகர், கோவில்பட்டி)

கடக்கவேண்டும் என்று அவர் சொன்னாரா? பாவம், கடம்பூர் பஸ்ஸுக்காக நின்றிருப்பார்! முதலில் கேளுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். அவருடைய கோலைப் பிடித்து இழுப்பது, உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உங்களை நடக்கச் சொல்வது மாதிரி.

சக்கர நாற்காலியில் இருப்பவரால் என்னதான் செய்துவிட முடியும்? (வாசகர், கழுகுமலை)

மேற்கே ஆய்க்குடி வரை போய்விட்டு வந்து கேளுங்கள். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார் இன்ஜினியரிங் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981-ல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிகிச்சை, படிப்பு, தொழில், 2020-ல் பத்மஸ்ரீ. நாற்காலிக்காகக் கால் பிடிப்பவர்கள் நிறைந்த நாட்டில், நாற்காலியில் இருந்தபடியே இவ்வளவும்!

இன்னொன்று. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால், ‘சாருக்குக் காபியா, டீயா?’ என்று நாற்காலியைத் தள்ளி வருபவரிடம் கேட்காதீர்கள். குடிக்கப்போவது சார்தான்.

ஊனத்தைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் கரிசல் பக்கம் சும்மா தமாஷுக்குத்தான். இதற்கெல்லாமா கோபம்? (வாசகர், எட்டயபுரம்)

பலர் முன்னால், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அந்தத் தமாஷின் நீளம் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. அபராதம் தனி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92. அவருக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதில் என்ன குறை கண்டீர்கள்?