மேலிடத்துத் தராசு

கேள்வி: ஊழியர் பிழை செய்வது அவரவர் குணத்தாலா, வேலைத்தலத்தின் குணத்தாலா?
– ஒரு வாசகர், சாகாமம்

பதில்: குளத்துத் துருசிலேயே கலங்கி வரும் தண்ணீருக்காகக் கடைசி வயலின் வரம்பைக் குற்றஞ்சாட்டும் விவசாயி எவரும் தங்கள் ஊரில் இருக்கமாட்டார், உத்தியோக விஷயமும் பெரும்பாலும் அவ்வாறே.

2015 பெப்ரவரி 27 அன்று நமது இலங்கை மத்திய வங்கி 100 கோடி ரூபாய்க்கென அறிவித்துத் திறைசேரி முறிகளை ஏலம் விட, அதிகாரிகள் சிபாரிசு செய்ததைவிடப் பன்மடங்காக, 1000 கோடிக்கும் மேல், ஆளுநரின் வார்த்தையின்பேரில் ஏற்கப்பட்டதையும், அவருடைய மருமகனோடு தொடர்புடைய நிறுவனம் அதில் ஏறக்குறையப் பாதியைப் பெற்றதையும் ஜனாதிபதி ஆணைக்குழுவின் விசாரணை பின்னர் பகிரங்கப்படுத்தியது. கணக்கறிந்த அத்தனை பேர் கூடியிருந்த கட்டடத்தில், ‘முடியாது’ என்ற ஒரு சொல் உரத்து எழாமற்போனதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

நெல் ஆலையில் புதிதாய்ச் சேர்ந்த பையனைப் பாருங்கள்: ஈரப்பதத்தின் பெயரால் மூட்டைக்கு இரண்டு கிலோ அதிகம் கழிக்கும் முதலாளியை முதல் மாதம் திகைப்போடு பார்க்கிறான், மூன்றாம் மாதம், யாரும் சொல்லாமலே, அவன் கால் தராசுத் தட்டை மெல்ல அழுத்துகிறது. பிறவியிலேயே கள்ளராயிருப்போர் சிலர் உண்டு; இவன் அவர்களில் ஒருவனல்லன்.

2023ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் தகவல் தருவோருக்குப் பாதுகாப்பளிக்கிறது, நல்லது. ஆயினும், அதே முதலாளி ஊழியர் யாவரும் பார்த்திருக்க, அதிகமாய்க் கழித்த நெல்லை விவசாயியின் சாக்கில் திருப்பி அளந்து போடும் நாளில்தான் அந்தப் பையன் காலை எடுப்பான்.