ஒரு பாட்டம் மழை

கேள்வி: திடீரெனக் கொட்டி அரை மணியில் வெறித்துவிடும் மழைக்குத் தமிழில் சொல் உண்டா? (வாசகர், ஹாரோ)

பதில்: பாட்டம். 'ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது' என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பீர்களே! தொடங்கி ஓயும் வரை ஒரு பாட்டம். விடாமல் நாள்கணக்கில் பெய்தால் அடைமழை.

கேள்வி: அப்படியானால் மேகவெடிப்பு? (வாசகி, டூட்டிங்)

பதில்: பெயர்தான் வெடிப்பு, மேகம் வெடிப்பதில்லை. மேலெழும் காற்று தாங்கிப் பிடித்திருந்த நீர், பிடி தளர்ந்ததும் மொத்தமாய் இறங்குகிறது. சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் இந்திய வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்கிறது.

கேள்வி: லண்டனில் எப்போதும் தூறல்தானே? (வாசகர், வெம்பிளி)

பதில்: ஹாம்ப்ஸ்டெட்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1975 ஆகஸ்ட் 14 அன்று அங்கே இரண்டரை மணி நேரத்தில் சுமார் 170 மில்லிமீட்டர் கொட்டியது. 2021 ஜூலை 25 அன்று பெய்த மழையில் விப்ஸ் கிராஸ், நியூஹாம் மருத்துவமனைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவசர நோயாளிகளை வேறிடம் போகச் சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி: ஊரில் 50 மில்லிமீட்டர் மழை சாதாரணம். இங்கே மட்டும் ஏன் இந்தத் தவிப்பு? (வாசகி, இல்ஃபோர்ட்)

பதில்: எவ்வளவு பெய்தது என்பதோடு எவ்வளவு நேரத்தில் பெய்தது என்றும் கேளுங்கள். நாள் முழுதும் பெய்தால் மண் குடிக்கும்; ஒரு மணியில் பெய்தால் தெருவில் ஓடும். லண்டனுக்கு அடியில் இருப்பதோ நீரைச் சட்டென்று உள்ளே விடாத களிமண். போதாததற்கு, நகரின் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். 1858-இல் கழிவால் தேம்ஸ் ஆறு நாறிய 'பெருநாற்ற'த்துக்குப் பிறகு பொறியாளர் பாசல்ஜெட் கட்டிய அமைப்பு அது. 2025-இல் முழுமையாக இணைக்கப்பட்ட 25 கிலோமீட்டர் டைட்வே சுரங்கம் தேம்ஸைக் கழிவிலிருந்து காக்கும். உங்கள் தெரு வடிகாலை அது அகலமாக்காது.

கேள்வி: கார் நிறுத்த, வீட்டின் முன்முற்றத்துக்கு சீமெந்து போடலாமா? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: வேண்டாம். மழைநீரை மண்ணுக்கு விடாத தளத்தை முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் போடுவதற்கு, 2008 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி தேவை. அனுமதி கிடைத்தாலும் சரளைக் கல்லே போடுங்கள். காரும் நிற்கும், நீரும் இறங்கும். உங்கள் முற்றம் குடிக்காத நீர், பள்ளத்துத் தெருவின் அடித்தள வீட்டுக்குள் போகும். அங்கேயும் பிள்ளைகள் உறங்குகிறார்கள். மண்ணை மூடாதீர்கள்.