படம் எப்படி? – ஒருவரி விமர்சனத்தின் விடை வகைகள்: ஒரு முன்னோட்ட ஆய்வு

வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடும் மரபு நம் பத்திரிகைகளில் வேரூன்றி நெடுநாளாகிறது. ஆனால் அதற்கு இன்றுவரை ஓர் இலக்கண நூல் இல்லை. கம்பனில் மேலாண்மை, குறளில் கணினி, சிலம்பில் சுற்றுலா வளர்ச்சி என்று மற்றதெல்லாம் ஆராய்ந்து முடித்தாயிற்று. மிச்சம் இருப்பது இதுதான் என்பதால் நாம் கையில் எடுத்தோம்.

ஆய்வின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. விமர்சனங்களை மட்டுமே ஆராய்ந்தோம். படங்களைப் பார்ப்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. சங்க இலக்கியத்தை இதே முறையில் ஆராய்ந்து பட்டம் பெற்றவர்கள் இருப்பதால் நெறியாளரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒருவரி விமர்சனம் என்பது ‘படம் எப்படி?’ என்ற கேள்விக்கு விடை. விடை எட்டு வகை என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர் சொன்ன எட்டும் சினிமா விமர்சனத்துக்கு அச்சாகப் பொருந்துகின்றன. ஆகவே அந்த நூற்றாண்டிலேயே தமிழரிடம் சினிமா இருந்தது என்பது வெள்ளிடைமலை. இதைப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் நிறுவ இருக்கிறோம். பெங்களூரிலிருந்து ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பன்னாட்டுக்கு அது போதும்.

இனி வகைகள்.

சுட்டு: ‘பக்கத்துத் தியேட்டரில் எம்.ஜி.ஆர். படம் ஓடுகிறது.’

மறை: ‘தேறாது.’ இதற்கு உலக அளவில் தலைசிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. 1948-ல் வந்த ‘இஸின்ட் இட் ரொமான்டிக்?’ என்ற படத்துக்கு லெனார்ட் மால்டின் தம் கையேட்டில் எழுதிய விமர்சனம் ஒரே சொல்: ‘நோ.’ படத்தின் பெயரே கேள்வியாக அமைந்துவிட்டதில் அவருக்குப் பாதி வேலை மிச்சம். சில எழுத்தில் பல பொருளை அடக்க வேண்டும் என்று சூத்திரத்துக்கு இலக்கணம் சொன்ன பவணந்தியார் இதைக் கண்டிருந்தால் மால்டினுக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்.

நேர்: ‘ஒருமுறை பார்க்கலாம்.’ பார்த்தவர் யாரும் இரண்டாம் முறை பற்றிக் கேட்டதாகச் சான்று இல்லை.

ஏவல்: ‘நீங்களே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.’

வினாவுக்கு எதிர்வினா: ‘இதை எடுக்கவா மூன்று வருஷம்?’

உற்றது உரைத்தல்: ‘தலை வலித்தது.’ உறுவது கூறல்: ‘தலை வலிக்கும்.’ முன்னது தன்வரலாறு. பின்னது சமூக சேவை.

எட்டாவதாகிய இனமொழியே நம் கவனத்துக்கு உரியது. ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. ‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பதும் அதுவே. கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனால் பதில் தெரிந்துவிட்டது. மலை, அருவி, மேகம் ஆகிய மூன்றும் ஒருசேரப் பாராட்டப்பட்டால் படத்தில் கதை இல்லை என்று கொள்க. ‘கத்தரி இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருக்கலாம்’ என்றால் விமர்சகர் நடுவில் இரண்டு முறை வெளியே போய் வந்தார் என்று கொள்க. ‘கொடுத்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்’ என்பது யாருடைய பெயர் விமர்சகருக்கு மறந்துபோயிற்றோ அவருக்கு உரிய தொடர். ‘நாயகி வந்து போகிறார்’ என்பதில் உரையாசிரியர்கள் தடுமாறுகிறார்கள். வருவது பாட்டுக்காக, அதில் ஐயமில்லை. போவது எங்கே என்பதற்குத்தான் விடை இல்லை. அடுத்த படத்துக்கு என்று ஒரு சாரார் கூறுவதை நாமும் ஏற்கிறோம், ஏனெனில் அங்கும் அவர் வந்து போவதாகவே எழுதப்பட்டிருக்கிறது.

எழுதப்பட்ட தீர்ப்பு அத்தோடு முடிவதில்லை. விளம்பரக்காரர் கையில் மறுபிறவி எடுக்கிறது. ‘இடைவேளைக்குப் பின்னும் இதே வேகம் இருந்திருந்தால் பிரமாதமான படமாகியிருக்கும்’ என்ற வாக்கியம் மறுவாரப் போஸ்டரில் ‘பிரமாதமான படம்!’ என்று நிற்கும். சிலர் இதை மோசடி என்கிறார்கள். அவர்கள் உரை மரபு அறியாதவர்கள். பத்துப்பாட்டுக்கு உரை செய்த நச்சினார்க்கினியர், முல்லைப்பாட்டில் எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கிடந்த சொல்லோடு கூட்டிப் பொருள் கண்டார். அதற்கு மாட்டு என்று பெயர். அவரைப் புலவர்கள் உச்சிமேல் வைத்தார்கள். போஸ்டர்காரரை மட்டும் ஏசுவது என்ன நியாயம்?

எட்டில் எதிலும் அடங்காத ஒன்பதாம் விடை ஒன்று உண்டு: மதிப்பெண். 1977-ல் வந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 கொடுத்தது. பள்ளிக்கூடக் கணக்கில் இது முதல் வகுப்பு. அறுபத்திரண்டு எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும்: ஸ்டூடியோவில் போட்ட செட்டு கிராமத்தை விட்டு நிஜக் கிராமத்துக்கே போய் எடுத்தது, இளையராஜா, ஸ்ரீதேவியின் மயில், ரஜினியின் பரட்டை, காந்திமதியின் வாய். கேள்வி அந்த அரைதான். அரை மதிப்பெண் எதற்கு?

இதில் மூன்று கட்சிகள். ஆடு முட்டையிடுவதாக அப்படத்தில் வரும் பாட்டு உயிரியலுக்கு ஒவ்வாது என்பதால் 63-லிருந்து அரை குறைக்கப்பட்டது என்பது கழித்தல் கட்சி. கதையில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தும் அதைத் திருத்தாமல் விட்டது மன்னிக்க முடியாதது என்று அவர்கள் வாதிடுகிறார்கள். ரயில் நிலையத்தில் சப்பாணிக்காக மயில் காத்திருப்பதோடு படம் முடிகிறது. ரயில் வந்திருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பது காத்திருப்புக் கட்சி. மூன்றாவது, நாம் சார்ந்த கட்சி. அரை என்றால் இடுப்பு. கமல்ஹாசன் ஸ்டார் அந்தஸ்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கோவணத்தோடு நடித்தாரே, அந்த அரைக்குத்தான் அரை.

இதற்கு ஆதாரமாக நம்மிடம் பொட்டலப் பிரதி இருக்கிறது. டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாள். மேல் விளிம்பு கிழிந்தது, கீழ்ப் பாதி எண்ணெயில் ஊறி மறுபக்கத்து ராசிபலன் தெரிகிறது. நடுவில் ‘அரை’ என்ற இரண்டெழுத்து மட்டும் தெளிவு. இது அந்த மதிப்பெண்ணைக் குறிக்கும் என்று நாம் எழுதிய கட்டுரையை நம் மாணவர் மேற்கோள் காட்டினார். அவரை நாம் மேற்கோள் காட்டினோம். இவ்வாறு சான்று இரண்டாயிற்று. இந்நிலையில் எதிர்த்தரப்பு ஆய்வாளர் ஒருவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, ‘அரை’க்குப் பக்கத்தில் ‘த்’ போல ஒரு கறை இருப்பதாகவும், அது ‘அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்’ என்று வேறேதோ படத்துக்கு எழுதப்பட்ட தீர்ப்பு என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கறை கடலைமாவு என்பது நம் துணிபு. ராசிபலன் பக்கம் போன மாதத் தேதியைக் காட்டுகிறது என்ற அவருடைய இன்னொரு வாதத்தை இடைச்செருகல் என்று தள்ளுகிறோம்.

கிழிந்த மேல் பாதி கிடைத்தால் வழக்கு தீர்ந்துவிடும். கடைக்காரரிடம் விசாரித்ததில், அதில் மெதுவடை மடித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வாங்கியவரைத் தேடும் களப்பணிக்கு நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். முதல் தவணை வந்ததும் வடையிலிருந்து தொடங்குவோம்.