மூலம் என்று சொன்னார்கள்

1980களில் நான் நர்ஸாகச் சேர்ந்த வார்டில், மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் என்றால் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை ஒரே வெட்டு. கட்டி கீழே இருந்தால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துத் தைத்துவிடுவார்கள். லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908இல் எழுதிவைத்த முறை அது. அதன்பின் வயிற்றின் இடப்பக்கம்தான் மலம் வரும் வழி, ஆயுள் முழுக்க. அதற்கான பை வாங்க எல்லோருக்கும் வசதி இருக்காது. பழைய வேட்டித் துணியை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கட்டுப் பிரிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கட்டிய மனைவியைக்கூடக் கிட்டே விடாத ஒரு வாத்தியார் இருந்தார். துணி மாற்றும் நேரத்தில் அந்த அம்மா வராந்தாவிலேயே நிற்பார்.

போன வருஷம் என் அத்தானுக்கு அதே நோய். முதலில் ரேடியேஷனும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். பிறகு லேப்ராஸ்கோப்பி. வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி, சுண்டுவிரல் நுழையும் அளவுத் துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டார்கள். வெட்டிய குடலை வெளியே எடுக்க மட்டும் அடிவயிற்றில் சின்னதாக ஒரு கீறல். மறுநாளே எழுந்து நடந்தார், கஞ்சி குடித்தார். எங்கள் காலத்தில் காற்றுப் பிரியும்வரை நாக்கை நனைக்கத்தான் தண்ணீர். அத்தானுக்கும் பை வைத்தார்கள். ஆனால் உள்ளே போட்ட இணைப்பு ஆறும்வரைதான். சில மாதங்களில் குடலை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள்.

தழும்பைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது உள்ளே நடந்த மாற்றம். மலக்குடலைச் சுற்றி மீசோரெக்டம் என்று ஒரு கொழுப்புறை உண்டு. நிணநீர்க் கணுக்கள் அதில்தான் இருக்கும். முன்பெல்லாம் சர்ஜன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பிரிப்பார். உறை கிழியும், மிச்சம் தங்கும், நோய் அதே இடத்தில் திரும்பி வரும். இங்கிலாந்தில், பேசிங்ஸ்டோக்கில் இருந்த பில் ஹீல்ட், பலாச்சுளையைச் சவ்வோடு எடுப்பதுபோல் அந்த உறையை முழுசாக, கண்ணால் பார்த்தே வெட்டியெடுக்க வேண்டும் என்று 1982இல் எழுதினார். துளை வழியாகச் செய்தாலும் வேலை அதேதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த கலர் 2 ஆய்வின் முடிவு 2015இல் வந்தது: மூன்று வருஷத்தில் நோய் அதே இடத்தில் திரும்பியவர்கள், வயிற்றைத் திறந்து செய்ததிலும் துளை வழியாகச் செய்ததிலும் நூற்றுக்கு 5 பேர். அதே வருஷம் வந்த வேறு இரண்டு ஆய்வுகளால் லேப்ராஸ்கோப்பி திறந்து செய்யும் முறைக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. ஆகவே துளை சிறிதா என்பதைவிட, செய்கிற கை இதில் பழகிய கையா என்றுதான் நான் கேட்பேன்.

இவ்வளவு மாறியும், நோயாளி வந்துசேரும் கதை மட்டும் மாறவில்லை. மலத்தில் ரத்தம் போவதை அத்தான் என் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘மூலம், பவுத்திரம்’ என்று எழுதியிருந்த இடத்தில் மாதக்கணக்கில் லேகியம் வாங்கித் தின்றிருக்கிறார். அங்கே யாரும் விரல் விட்டுப் பார்க்கவே இல்லை. கீழ்ப்பகுதிக் கட்டி பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷப் பரிசோதனையிலேயே தட்டுப்பட்டுவிடும்! அந்த வாத்தியாரும் அப்படித்தான், மூலம் என்று நினைத்தே காலத்தைக் கடத்தி வந்தவர்.

இப்போது யார் ‘மூலம்’ என்றாலும், “டாக்டர் விரல் விட்டுப் பார்த்தாரா?” என்று நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி, “அக்கா, மெதுவா பேசுங்க” என்றார். திங்கட்கிழமை ஓ.பி.க்கு அவரை நானே கூட்டிப்போகிறேன்.