திரை புதுசு, வயர் பழசு

கேள்வி: மகன் துபாயிலிருந்து வந்தபோது 27 அங்குல மானிட்டர் கொண்டுவந்தான். பெட்டியில் 2560×1440 என்று போட்டிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் நீல முனை வயரை ஒரு கன்வெர்ட்டர் வழியாக மாட்டினோம். எழுத்தெல்லாம் மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிப்பதுபோல் தெரிகிறது. மானிட்டர் மோசமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: மானிட்டர் மேல் பழி போடாதீர்கள். நீல முனை விஜிஏ வயர், 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அன்று அது காட்டிய படம் 640×480. உங்கள் திரையிலோ 36 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். சாதாரணக் கன்வெர்ட்டர்கள் 1920×1080-ஐத் தாண்டாது. மூன்று புள்ளிக்குப் போட்ட கோலத்தை நாலு புள்ளியில் இழுத்தால் கோடு புள்ளிக்கு நடுவில் விழும், கோலம் கலையும். உங்கள் வீட்டு எழுத்து மங்குவது அதனால்தான்.

கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு மூலை சரிந்த தட்டை வாய் எச்டிஎம்ஐ. ஒரே ஒரு மூலை வெட்டுப்பட்டது டிஸ்ப்ளேபோர்ட். இரண்டும் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டையே எடுங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் எச்டிஎம்ஐ 1920×1080-உடன் நின்றுவிடுவது உண்டு. மாட்டியதும் ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போய், ‘ரெக்கமண்டட்’ என்று காட்டும் ரெசல்யூஷனை வையுங்கள். எழுத்து பொடியாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைக்கவே கூடாது. ‘ஸ்கேல்’ என்பதை 125 சதவீதம் ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மை போகாது.

கேள்வி: லேப்டாப்புக்கு 4கே மானிட்டர் வாங்கினேன். படம் பளிச்சென்று இருக்கிறது. மவுஸ் மட்டும் சேற்றில் நடப்பதுபோல் இழுக்கிறது. மவுஸை மாற்றியும் பயனில்லை.
– பரமக்குடி கல்லூரி மாணவி

பதில்: அடுத்த மவுஸ் வாங்கிவிடாதே அம்மா! அதே ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸில்’ ‘ரெஃப்ரெஷ் ரேட்’ பார். 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். நொடிக்கு 30 படம்தான் வருகிறது. 60 வர வேண்டும். உன் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 ரகமாக இருக்கலாம். அதன் கொள்ளளவு நொடிக்கு 10.2 கிகாபிட். 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓட 18 கிகாபிட் தாங்கும் 2.0 வேண்டும், அது 2013-இல்தான் வந்தது. வாய் பழசானால் வயரை மாற்றிப் பலன் இல்லை. லேப்டாப்பின் டைப்-சி வாயில் வீடியோ வருமா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடு. வந்தால், டைப்-சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் போகும் ஒரு வயர் போதும். வராவிட்டால் 2560×1440-இல் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கிறதா பார். எழுத்து கொஞ்சம் மென்மையாகும், கைக்கு நிம்மதி.

கேள்வி: தங்க முலாம் பூசிய 2,000 ரூபாய் வயரில் கலர் கூடுதலாகத் தெரியுமா?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: தெரியாது. எச்டிஎம்ஐ-யில் ஓடுவது எண்கள். சரியாகப் போய்ச் சேர்ந்தால் முழுப் படம். சேராவிட்டால் திரையில் பொறி பறக்கும், இல்லையேல் இருட்டு. இரண்டு மீட்டருக்குள் என்றால் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ லேபிள் ஒட்டிய நல்ல வயரே தாராளம்.

கேள்வி: லாட்ஜ் வரவேற்பறையில் டிவியை மானிட்டராக மாட்டினேன். கீழே இருக்கும் டாஸ்க்பாரையே காணோம்.
– ராமேசுவரம் வாசகர்

பதில்: உங்கள் ஊர் தூர்தர்ஷன் கோபுரம் 323 மீட்டர். அதிலிருந்து வந்த படத்தைக் குழாய் டிவியில் பார்த்தோமே, அந்தக் காலத்துப் பழக்கம் இது. அன்று ஓரம் கோணலாகத் தெரியாமலிருக்கப் படத்தைச் சற்றுப் பெருக்கி, விளிம்பைச் சட்டத்துக்குள் மறைப்பார்கள். தட்டை டிவியும் அதையே செய்கிறது. ரிமோட்டில் படத்தின் அளவை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று மாற்றினால் டாஸ்க்பார் வந்து உட்காரும்.

கேள்வி: கடலோரத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய மானிட்டர் இப்போது 1024×768-க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது.
– பாம்பன் வாசகர்

பதில்: உங்கள் ஊர்க் காற்று எப்படிப்பட்டது என்று ரயில் பாலத்தைக் கேளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தை உப்பு அரித்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. தங்கச்சிமடத்தில் ஒரு கடையில் விஜிஏ முனையைக் கழற்றிப் பார்த்தேன். ஊசிகளின் அடியில் பச்சை பூத்திருந்தது. செம்புக் குடத்தில் படியும் அதே களிம்பு.

“நான் இன்ன அளவு திரை” என்று மானிட்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்லவே வயரில் தனி ஊசிகள் உண்டு. அங்கே களிம்பு ஏறினால் சேதி போகாது. கம்ப்யூட்டரும் தனக்குத் தெரிந்த சிறிய அளவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். களிம்பு ஆழமாக ஏறியிருந்தால் வயரை மாற்றிவிடுங்கள். பயன்படாத வாய்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். கடல் பார்த்த ஜன்னலை விட்டு மேசையை நகர்த்துங்கள்.

புது மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிளம்பும் முன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.